பெண் பிள்ளைகளின் சீருடை விதிகள்: எவை நியாயம், எவை இல்லை, மாற்றுவது எப்படி

கேள்வி இது. மகள் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பெண் பிள்ளைகளுக்குச் சுடிதார், அதற்கு மேல் ஓவர்கோட். ஒன்பதாம் வகுப்பிலிருந்து கோட்டுக்குப் பதில் துப்பட்டா, இரண்டு தோளிலும் பின் குத்தி வி வடிவில் போட வேண்டும். இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்ட வேண்டும். உடையில் பாக்கெட் கூடாது. புதன்கிழமை முழு வெள்ளை. ஆண் பிள்ளைகளுக்குச் சட்டையை டக்-இன் செய்வதும் முடியை ஒட்ட வெட்டுவதும் மட்டும்தான். இது நியாயமா, கேட்டால் மகளுக்குத் தொல்லை வருமா என்பது பெற்றோரின் கவலை.

சீருடை என்பதே நியாயமானதுதான். ஆனால் நீங்கள் சொன்ன ஐந்து விதிகளில் நியாயமாக நிற்பது ஒன்றுதான், அதுவும் பாதி: முடியைக் கட்டிக்கொண்டு வருவது. மற்ற நான்கும் பெண் பிள்ளையின் உடம்பைப் பார்த்து எழுதப்பட்டவை. அவற்றுக்கான விலையை வியர்வையாகவும் நேரமாகவும் வெட்கமாகவும் அவளே கொடுக்கிறாள்.

முதலில் சீருடைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதி இன்னும் உடம்பில் கட்டப்பட்டு வருகிறது, கைக்கயிறாக, நெற்றிக் குறியாக. 2023-ல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்த அடையாளங்களைப் பள்ளிக்குள் தடை செய்யச் சொன்னது. சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடையை அரசு இலவசமாகக் கொடுப்பதும் இதே காரணத்துக்குத்தான். பணக்காரப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு விதியையும் அந்தக் காரணத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஓவர்கோட் எந்தச் சாதியை மறைக்கிறது? பாக்கெட் இல்லாததால் எந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது?

ஓவர்கோட்டிலிருந்தே தொடங்கலாம். மார்பை மறைக்கத்தான் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் எழுத மாட்டார்கள், நேர்த்தி என்றுதான் எழுதுவார்கள். நேர்த்திதான் காரணம் என்றால் ஆண் பிள்ளைகளுக்கும் கோட்டு இருக்க வேண்டும். சீருடைத் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்தது. கசங்காது, சாயம் போகாது, ராத்திரி துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். பள்ளிகளுக்கும் அம்மாக்களுக்கும் அது பிடித்துப்போக இதுவே காரணம். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. உள்ளாடை, அதன் மேல் ஷிம்மீஸ், அதன் மேல் டாப், அதன் மேல் கோட்டு என்று நெஞ்சிலும் முதுகிலும் நான்கு அடுக்கு. வெயில் தாங்காது என்று 2023-லும் 2024-லும் பள்ளித் திறப்பையே ஜூன் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதே வெயிலில் அறுபது பேர் உட்காரும் வகுப்பறையில் இரண்டு மின்விசிறிக்குக் கீழே அந்த நான்கு அடுக்கோடு ஒரு பெண் குழந்தை எட்டு பீரியட் உட்கார வேண்டும். வேர்க்குரு, அக்குளில் படர்தாமரை, உள்ளாடைப் பட்டை பட்ட இடத்தில் புண் எல்லாம் இதில்தான் வருகின்றன. கோட்டைக் கழற்றி மடியில் வைத்தால் அதற்கும் திட்டு.

கோட்டுக்குப் பின்னால் உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்: துணி மெல்லிசாக இருந்தால் உள்ளாடை தெரிகிறது, பிள்ளையே கூனிக் குறுகுகிறாள். அந்தக் குறையைத் துணியில்தான் சரிசெய்ய வேண்டும். துணியை வாங்கும்போது உள்ளே கையை விட்டு வெளிச்சத்தில் பிடியுங்கள். விரல்களின் கோடு தெரிந்தால் அந்தத் துணி மேலாடைக்கு ஆகாது. வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் நீலம் மூன்றும் இந்தச் சோதனையில் அடிக்கடி தோற்கும். சின்னக் கட்டம் போட்ட துணி எளிதில் தேறும். டாப்பின் முன்பக்கத்தில் நெஞ்சுப் பகுதிக்கு மட்டும் அதே துணியில் இரண்டாவது அடுக்கு வைத்துத் தைத்தால் கோட்டுக்கே வேலையில்லை. கூடுதலாகப் போகிற துணி ஒரு கைக்குட்டை அகலம்தான், கோட்டுக்குப் போகிற துணியோடு பார்த்தால் மிகக் குறைவு.

அடுத்தது அளவு. நான் அதிகம் வருத்தப்படும் இடம் இதுதான். டெய்லர் ஏப்ரல், மே மாதத்தில் அளவெடுக்கிறார். அந்த உடை அடுத்த மார்ச் வரை ஓட வேண்டும். பெண் பிள்ளைகள் வேகமாக வளரும் காலம் பெரும்பாலும் 11, 12 வயதை ஒட்டி வருகிறது. அந்த ஓராண்டில் 8 சென்டிமீட்டர் வரை உயரம் கூடும், மார்பும் இடுப்பும் உருவம் மாறும். ஜூனில் தொளதொள என்று இருந்த டாப் டிசம்பரில் அக்குளில் இழுக்கும், பட்டனுக்குப் பட்டன் இடைவெளி விரியும். அப்போது பிரேயரில் நிறுத்தி வைத்து, ஏன் இவ்வளவு டைட்டாகப் போட்டு வருகிறாய் என்று கேட்கிறார்கள். அவள் டைட்டாகத் தைக்கவில்லை, வளர்ந்திருக்கிறாள். வீட்டில் இன்னொரு செட் எடுக்கக் காசில்லை. அதே வகுப்பில் ஒரு பையனின் பாண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றால், வளர்ந்துவிட்டான் என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரே வளர்ச்சி, ஒருவனுக்குப் பாராட்டு, ஒருத்திக்கு அவமானம். சீருடை விதியின் அநியாயத்தை ஒரே ஓர் இடத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

துப்பட்டா. முன்பு தாவணி இருந்த இடத்துக்கு அது வந்தது. கழுத்தில் தொங்கும் துணிக்குப் பள்ளியில் இரண்டு ஆபத்து. ஒன்று, சைக்கிளிலும் டூ-வீலரின் பின்சீட்டிலும் சக்கரத்தில் சுற்றிக்கொள்வது. இன்னொன்று, வேதியியல் ஆய்வகத்தில் பர்னர் மேல் சாய்வது. தைத்து ஒட்டாமல் பின் குத்தச் சொல்வதால் ஊக்கு துருப்பிடித்துத் துணி கிழியும், குனியும்போது தோளில் குத்தும். கை தூக்கிப் பலகையில் எழுதும்போது விலகிய துப்பட்டாவை இழுத்துவிடுவதே ஒரு வேலையாகிவிடும். விளையாட்டு பீரியடில் கேட்கவே வேண்டாம். துப்பட்டா போட விரும்பும் பெண்ணுக்கு அது இருக்கட்டும். கட்டாயம் என்று ஆக்குவதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆய்வகத்திலும் மைதானத்திலும் அதைக் கழற்றி வைக்கச் சொல்வதுதான் உண்மையான பாதுகாப்பு விதி.

முடி விஷயத்தில் பள்ளிக்குப் பாதி நியாயம் உண்டு. விரித்த முடி ஆய்வகத்தில் ஆபத்து, பேன் பரவவும் வழி. அதற்குத் தோளுக்குக் கீழே இறங்கும் முடியைக் கட்டியிருக்க வேண்டும் என்ற ஒரு வரி போதும், பையனுக்கும் அதே வரி. இரட்டைச் சடைதான், அதையும் மடித்துத்தான், இந்த நிற ரிப்பன்தான் என்பதில் பேனும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. காலையில் கால் மணி நேரம் போகிறது. தலைக்குக் குளித்த நாளில் ஈரத்தோடு பின்னி மடித்தால் சாயங்காலம் வரை உள்ளே காயாது. நாற்றமும் பொடுகும் அப்படித்தான் சேர்கின்றன. வருடக்கணக்கில் இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து விலகும். தோல் மருத்துவர்களுக்கு இது நன்கு தெரிந்த நோய். இழுப்பை நிறுத்தினால் ஆரம்பத்தில் திரும்ப வளரும், முற்றினால் வளராது. சுருட்டை முடிப் பிள்ளைகளுக்கு வேதனை இரட்டிப்பு. பையன்களின் தலையை எல்லார் முன்னிலையிலும் ஆசிரியர் கத்தரியால் கொத்திவிடுவதும் இதே வகை அத்துமீறல் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

வெள்ளை உடையும் பாக்கெட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயங்கள். மாதவிடாய் தொடங்கிய முதல் இரண்டு ஆண்டுகளில் நாள் கணக்கு ஒழுங்காக இருக்காது. புதன்கிழமை காலையில் ஒன்றுமில்லாமல் போனவளுக்கு மூன்றாவது பீரியடில் வந்துவிடலாம். கீழே வெள்ளை. பாக்கெட் கிடையாது. நாப்கின் புத்தகப் பையில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் வகுப்பே பார்க்கப் பையைத் திறக்க வேண்டும், அல்லது பையையே தூக்கிக்கொண்டு போக வேண்டும். பள்ளி என்ன கேட்கிறது என்று யோசியுங்கள்: யாருக்கும் தெரியக் கூடாது என்றும் சொல்கிறது, தெரியாமல் வைத்துக்கொள்ள ஓர் இடத்தையும் கொடுக்க மறுக்கிறது. 2017 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, சீருடையில் கறை பட்டதற்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்டதாக எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டாள் என்ற செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. வெள்ளை மரபுக்குப் பேர்போன விம்பிள்டனே 2023 முதல் பெண் வீராங்கனைகள் அடர்நிற உள்-ஷார்ட்ஸ் அணியலாம் என்று மாற்றிக்கொண்டது. ஒரு பள்ளியின் புதன்கிழமைக்கு அதைவிடப் பெரிய மரபு இருக்க முடியாது. கீழே அடர் நீலமோ கறுப்போ டிராக் பாண்ட், மேலே வெள்ளையோ ஹவுஸ் நிறமோ டி-சர்ட், இருபாலருக்கும் ஒன்றே. பாக்கெட்டை டாப்பின் பக்கத் தையலில், வெட்டு தொடங்கும் இடத்துக்கு மேலே, கை நுழையும் அளவுக்கு 5 அங்குல வாய் விட்டு வைக்கலாம். மடித்த நாப்கின் ஒன்றும் பஸ் பாஸும் அதில் அடங்கும்.

கீழ் வகுப்புகளின் மடிப்புப் பாவாடை பற்றி ஒரு வார்த்தை. முழு மடிப்பு வைக்க இடுப்பளவைப் போல மூன்று பங்கு துணி அகலம் வேண்டும். 26 அங்குல இடுப்புக்கு 78 அங்குலம். பையனின் அரைக்கால் சட்டைக்கு அவ்வளவு தேவையில்லை. துணியும் தையல் கூலியும் இஸ்திரியும் பெண் பிள்ளைக்கே கூடுதல், அதற்குள்ளே ஒரு ஷார்ட்ஸும் தனியாக வாங்க வேண்டும். தரையில் உட்கார வைக்கும் வகுப்பில் காலை மடக்கி ஒடுங்கியே உட்கார வேண்டியிருக்கிறது.

பெற்றோர் கூட்டத்தில் இதையெல்லாம் கேட்டால் கடைசியில் வரும் பதில், பையன்களின் கவனம் சிதறும் என்பதுதான். கவனம் சிதறுவது பையனின் சிக்கல் என்றால் பாடம் அவனுக்கு நடத்த வேண்டும். அதற்காக ஒரு பெண்ணை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அன்றைய கணக்குப் பாடத்தை இழப்பவள் அவள். அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பள்ளி, பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும், அப்போதுதான் பையன்களுக்குப் பெண்களைப் பேணும் பண்பு வரும் என்று வாதிட்டது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தள்ளியது. 2023-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது.

அதற்காகப் பாண்ட்-சட்டையை எல்லார் மேலும் திணித்தால் நியாயம் வந்துவிடாது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் வளையன்சிறங்கர அரசுத் தொடக்கப் பள்ளி, முக்கால் பாண்டும் சட்டையும் இருபாலருக்கும் பொது என்று கொண்டுவந்தது. சின்னப் பிள்ளைகள் ஓடவும் ஏறவும் வசதியாக இருந்தது, வீடுகளும் ஏற்றுக்கொண்டன. 2021 டிசம்பரில் கோழிக்கோடு அருகே பாலுச்சேரி அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வந்தபோது சில அமைப்புகள் எதிர்த்தன. யார் மீதும் திணிக்க மாட்டோம் என்று அடுத்த ஆண்டு அரசு சொன்னது. ஒரே துணி, ஒரே நிறம், இரண்டு மூன்று வடிவம், விருப்பம் பிள்ளையுடையது என்பதே சரியான ஏற்பாடு. சீருடை நிறத்தில் தலைத்துணி போட்டு வரும் முஸ்லிம் பெண்ணுக்கும் அதே நியாயம் பொருந்தும். உடுப்பியில் 2021 இறுதியில் தொடங்கிய ஹிஜாப் விவகாரத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 மார்ச் 15-ல் அரசின் தடையை ஏற்றது. அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள். சட்டம் எப்படிப் போனாலும், அந்தத் தடையால் வகுப்புக்கு வெளியே நின்றவர்கள் பெண் பிள்ளைகள்.

விதி நல்லதாக இருந்தாலும் சோதிக்கும் முறையில் கெட்டுப்போகலாம். 2022 ஜூலையில் கொல்லம் மாவட்டம் ஆயூரில் நீட் எழுத வந்த மாணவிகளை, உலோகக் கொக்கி இருக்கிறது என்று உள்ளாடையைக் கழற்றச் சொன்னார்கள். வழக்கு, கைது, பிறகு அந்த மாணவிகளுக்கு மறுதேர்வு. ஆகவே பள்ளி எழுதித் தர வேண்டியவை சில உண்டு. பெண் பிள்ளையின் உடையைப் பெண் ஆசிரியர் மட்டும், தனியாகப் பேசி, கை படாமல் பார்க்க வேண்டும். வகுப்பிலிருந்து வெளியே அனுப்பக் கூடாது. அபராதம் கூடாது. குறை இருந்தால் வீட்டுக்குக் குறிப்பு, அவசரத்துக்குப் பள்ளியில் மாற்று உடை சில. ஆண் ஊழியர் யாராவது உடம்பைப் பற்றிப் பேசினாலோ தொட்டாலோ அது சீருடை விவகாரமே இல்லை, போக்சோ விவகாரம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கோ, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கோ அன்றைக்கே அழைக்க வேண்டும்.

கேட்டால் மகளுக்குத் தொல்லை வருமா என்றீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் பிரிவு 17 உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பிரிவு 16-ன்படி எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. ஆகவே டி.சி. கொடுத்துவிடுவோம் என்ற மிரட்டல் இப்போது செல்லாது. அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு வந்தால் இந்தப் பாதுகாப்பு இராது, அதனால் இந்த ஆண்டே கேளுங்கள். ஒரு விலக்கும் உண்டு: சிறுபான்மை நிறுவனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் பிரமதி வழக்கில் தீர்ப்பானது. உங்கள் பள்ளி அப்படிப்பட்டது என்றால், பொறுப்பில் உள்ள குழந்தைக்குத் தேவையற்ற மன, உடல் துன்பம் தருவதைக் குற்றமாக்கும் சிறார் நீதிச் சட்டம் 2015-ன் பிரிவு 75-ஐப் பிடித்துக்கொள்ளலாம்.

கேட்கும் காலம் முக்கியம். பெரும்பாலான பள்ளிகள் முழு ஆண்டுத் தேர்வுக்கு முன்பே துணிக்கு ஆர்டர் கொடுத்துவிடும். ஜூலையில் போனால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள், அதில் பொய்யும் இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். தனியாகப் போகாதீர்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோர் ஏழெட்டுப் பேர், பையன்களின் பெற்றோர் இரண்டு பேராவது கையெழுத்திட்ட ஒரே கடிதமாகக் கொடுங்கள். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் தனித்து நிற்கக் கூடாது. பழைய விதியைத் திட்டி எழுதாமல் புதிய விதியை எழுதிக் கொடுங்கள், அளவோடு: டாப் மார்பளவுக்கு மேல் 4 அங்குலம் லூஸ், நீளம் முழங்காலுக்கு 2 அங்குலம் மேல் வரை இருக்கலாம், பக்க வெட்டு இடுப்புக்குக் கீழே தொடங்க வேண்டும், நெஞ்சுப் பகுதியில் இரட்டைத் துணி, இரு பாக்கெட், கோட்டும் துப்பட்டாவும் விருப்பம், விளையாட்டு உடை அடர்நிற டிராக் பாண்ட். அங்குலத்தில் சொன்ன விதியை அளவு நாடாவால் சோதிக்கலாம். அடக்கமாக இருக்க வேண்டும் என்ற விதியைச் சோதிப்பது பார்ப்பவரின் கண்தான், அது ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். பழைய உடையை இரண்டு ஆண்டுகள் போடலாம் என்ற வரியையும் சேருங்கள். அது இல்லாவிட்டால் ஏழைப் பெற்றோரே உங்களை எதிர்ப்பார்கள்.

கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு அதே நகலோடு அனுப்புங்கள். அரசு, உதவிபெறும் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்திலேயே வைக்கலாம். அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

அதுவரை வீட்டில் செய்ய முடிந்தவை சில. டெய்லரிடம் டாப்பின் இரு பக்கத் தையலிலும் உள்ளே ஒரு அங்குலமும், கீழே 3 அங்குல மடிப்பும், பாண்டில் 3 அங்குலமும் விடச் சொல்லுங்கள். அரையாண்டு விடுமுறையில் பிரித்து விட்டுக்கொள்ளலாம். கோட்டை டாப்பின் அளவுக்கே தைக்காமல் 2 அங்குலம் கூட்டித் தைத்தால் அக்குள் இறுகாது. விதிப் பட்டியலில் பாக்கெட் கூடாது என்றிருந்தாலும் பாண்டின் இடுப்புப் பட்டியில், உள்பக்கமாக, ஒரு சின்னப் பாக்கெட் வைக்க எந்த டெய்லரும் மறுக்க மாட்டார். மடித்த நாப்கின் ஒன்று எப்போதும் அதில் இருக்கட்டும்.